ஒரு கைப்பிடி மைக்ரோகிரீன்ஸில் என்னதான் இருக்கிறது?

"சாதாரணக் கீரையைவிட 40 மடங்கு சத்து." மைக்ரோகிரீன்ஸ் என்ற பேச்சு எடுத்தாலே இந்த வாக்கியமும் ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. அந்த எண் எங்கிருந்து வந்தது, எந்தச் சத்தைப் பற்றியது, எவ்வளவு சாப்பிட்டால் பலன் என்று யாரும் சொல்வதில்லை. விளைவு, மருந்து வாங்குவதுபோல் வாங்கிப் போகிறார்கள். குளிர்பெட்டியில் இரண்டே நாளில் அது கொழகொழத்துப் போகிறது. காசும் போய், நம்பிக்கையும் போய்விடுகிறது. முளைகட்டிய பயறும் இதுவும் ஒன்றுதான் என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. அது தவறு மட்டுமல்ல, சிலருக்கு ஆபத்தும்கூட.

இவை எல்லாவற்றுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. மைக்ரோகிரீன்ஸ் என்பது உயிருள்ள ஓர் இளநாற்று. அறுத்த பிறகும் அதன் உயிர் உடனே அடங்கிவிடுவதில்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

முளைக்கும் கீரைக்கும் நடுவில்

ஒரு விதையை மண்ணில் போட்டால் முதலில் வேர் எட்டிப் பார்க்கும். பிறகு தண்டு நிமிர்ந்து, இரண்டு சிறிய இலைகள் விரியும். அந்த முதல் இலைகளுக்கு வித்திலை என்று பெயர். இவை விதைக்குள்ளேயே மடிந்து கிடந்தவை. முள்ளங்கியிலும் கடுகிலும் இதய வடிவில் இருக்கும். சூரியகாந்தியில் தடித்து நீள்வட்டமாக இருக்கும். அதற்கும் பிறகு வருவதுதான் அந்தச் செடிக்கே உரிய வடிவம் கொண்ட உண்மையான இலை.

வித்திலை நன்றாக விரிந்து, உண்மையான இலை தலைகாட்டும் நேரத்தில், வேரை விட்டுவிட்டுத் தண்டோடு அறுத்தால் அது மைக்ரோகிரீன்ஸ். விதை முளைத்து 7 முதல் 21 நாளைக்குள் இந்தக் கட்டம் வரும். உயரம் ஏறத்தாழ 3 முதல் 8 செ.மீ. முள்ளங்கியும் கடுகும் ஒரு வாரம் பத்து நாளில் தயார். கொத்தமல்லி ஆற அமரத்தான் வரும்.

முளைப்பயறு அப்படியல்ல. அது 2 முதல் 7 நாளில், ஈரத்தில், பெரும்பாலும் வெளிச்சம் படாமல் வளர்வது. விதை, வேர், முளை என்று அதை முழுசாகவே சாப்பிடுகிறோம். மைக்ரோகிரீன்ஸ் வெளிச்சத்திலும் காற்றோட்டத்திலும் வளர்வது. தண்டும் இலையும் மட்டுமே தட்டுக்கு வருகின்றன. சத்திலும் பாதுகாப்பிலும் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இங்கிருந்துதான் தொடங்குகிறது.

சத்து எங்கிருந்து வருகிறது?

விதை என்பது தாய்ச்செடி கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு. புதுச்செடி சொந்தக்காலில் நிற்கும்வரை அதை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். "கட்டிக் கொடுத்த சோறும் சொல்லிக் கொடுத்த வார்த்தையும் எத்தனை நாளைக்கு?" என்பார்கள் அல்லவா, விதைக்கும் அதே கதைதான். மாவுச்சத்து, எண்ணெய், புரதம் எல்லாம் சில நாளில் கரைந்துவிடும். அதற்குள் இலையை விரித்து, ஒளியைப் பிடித்து, தானே சமைக்கக் கற்றாக வேண்டும்.

தண்ணீர் பட்டதும் விதைக்குள் நொதிகள் விழித்துக்கொள்கின்றன. நொதி என்பது வேதிமாற்றங்களை விரைவுபடுத்தும் ஒரு புரதம். அது மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கிறது. அந்தச் சர்க்கரையைக் கொண்டு செடி புதிய பொருள்களை உண்டாக்குகிறது. உலர்ந்த விதையில் வைட்டமின் சி அநேகமாக இருக்காது. முளைத்த பிறகுதான் அது உருவாகிறது. ஒளி பட்டதும் பச்சையம் வரும். கூடவே கரோட்டினாய்டுகள் பெருகும். இலைக்கும் காய்க்கும் மஞ்சள், ஆரஞ்சு நிறம் தரும் நிறமிகள் இவை. பீட்டா கரோட்டின் போன்ற சிலவற்றை நம் உடல் வைட்டமின் ஏ-ஆக மாற்றிக்கொள்கிறது.

இதில் ஒளியின் பங்கு மிகப் பெரியது. இருட்டில் வளர்த்த பட்டாணித் தளிர் வெளிர்மஞ்சளாக, பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஒளியில் வளர்ந்த அதே பட்டாணித் தளிரைவிட அதில் வைட்டமின் நன்றாகக் குறைவு. வாங்கும்போது நிறம் பார்ப்பதற்கு இதுவே காரணம்.

தாது உப்புகளின் கணக்கு வேறு. வைட்டமினைச் செடி தானே தயாரிக்கும். இரும்பையும் கால்சியத்தையும் எந்தச் செடியாலும் உண்டாக்க முடியாது. விதையில் இருந்ததும், ஊடகத்திலிருந்தும் (அதாவது செடி வேரூன்றி வளரும் மண் போன்ற பொருள்) நீரிலிருந்தும் வேர் உறிஞ்சியதும்தான் கணக்கு. வெறும் தண்ணீரில் வளர்த்த மைக்ரோகிரீன்ஸில் விதையில் இருந்ததற்கு மேல் பெரிதாக இரும்பு சேர வழியில்லை. "இரும்புச்சத்துக் குறைபாட்டுக்கு மைக்ரோகிரீன்ஸ் போதும்" என்று யாராவது சொன்னால், இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கடுகுக் குடும்பத்துக்கு இன்னொரு சிறப்பு உண்டு. கடுகு, முள்ளங்கி, முட்டைகோஸ், ப்ரோக்கோலி எல்லாம் இந்தக் குடும்பம்தான். இவற்றின் விதையில் குளுக்கோசினோலேட் என்ற கந்தகச் சேர்மம் செறிந்திருக்கும். பூச்சிகளிடமிருந்து தப்பிக்கச் செடி வைத்திருக்கும் ஆயுதம் அது. மெல்லும்போது செல்கள் உடைந்து, தனி அறையில் இருந்த ஒரு நொதி இதோடு கலக்கும். அப்போது பிறப்பதுதான் நாக்கில் சுருக்கென்று ஏறும் காரம். செடி வளர வளர இந்தச் சேர்மம் பெரிய உடலில் பரவி நீர்த்துப்போகிறது. 1997-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மூன்று நாள் ப்ரோக்கோலி முளைகளில் இவ்வகைச் சேர்மம் ஒன்று முதிர்ந்த ப்ரோக்கோலியைவிட 10 முதல் 100 மடங்கு செறிந்திருப்பதைக் காட்டினார்கள். சூடாக்கினால் அந்த நொதி செயலிழந்துவிடும். அதனால்தான் கடுகுக் குடும்பத் தளிர்களைப் பச்சையாகச் சாப்பிடச் சொல்கிறார்கள்.

சுருக்கமாக: இளநாற்றில் வைட்டமின்களும் காரச் சேர்மங்களும் செறிவாக இருப்பது உண்மை. தாது உப்புகள் அப்படிப் பெருகுவதில்லை.

அந்த 40 மடங்கு

2012-ல் அமெரிக்க வேளாண் துறையும் மேரிலாந்து பல்கலைக்கழகமும் சேர்ந்து 25 வகை மைக்ரோகிரீன்ஸை ஆராய்ந்தன. எல்லோரும் சொல்லும் எண் அங்கிருந்துதான் கிளம்பியது. அந்த 40, சிவப்பு முட்டைகோஸின் வைட்டமின் இ-க்கு மட்டும் உரியது. அதே முட்டைகோஸின் வைட்டமின் சி-யில் வேறுபாடு, முதிர்ந்த கோஸுக்கு எந்த அளவை ஒப்பிட எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து, 2.6 முதல் 6 மடங்கு. முதிர்ந்த காய்கறிக்கான எண்களை அவர்கள் ஏற்கெனவே வெளியான தரவுகளிலிருந்துதான் எடுத்தார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வளர்த்து அளக்கவில்லை. 25 வகைகளுக்குள்ளேயே வைட்டமின் சி 100 கிராமுக்கு 20 மி.கி.யிலிருந்து 147 மி.கி. வரை இருந்தது. ஏழு மடங்கு வித்தியாசம்! "மைக்ரோகிரீன்ஸில் இவ்வளவு சத்து" என்று பொதுவாகச் சொல்வதற்கு இடமே இல்லை.

இன்னும் முக்கியமானது, எண்கள் எல்லாம் 100 கிராமுக்கு. மைக்ரோகிரீன்ஸை யாரும் ஒரு வேளைக்கு 100 கிராம் சாப்பிடுவதில்லை. ஒரு கைப்பிடி என்பது 20 முதல் 30 கிராம். அவ்வளவு லேசானது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 25 கிராம் சிவப்பு முட்டைகோஸ் மைக்ரோகிரீன்ஸில் ஏறத்தாழ 37 மி.கி. வைட்டமின் சி. முதிர்ந்த சிவப்பு முட்டைகோஸை 100 கிராம் பச்சையாக நறுக்கிச் சாப்பிட்டால், ஒப்பிட எடுத்த அளவுகளில் கூடியதன்படி, 57 மி.கி. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் நாளொன்றின் அளவு 45 மி.கி. ஆக, கைப்பிடித் தளிர் நல்ல பங்களிப்புதான். ஆனால் ஒரு கிண்ணம் முதிர்ந்த சிவப்பு கோஸ் அதைத் தாண்டிவிடலாம், நார்ச்சத்தும் கூடுதலாகத் தருகிறது. வைட்டமின் சி குறைந்த வகையாக இருந்தால் அதே கைப்பிடியில் கிடைப்பது 5 மி.கி.தான்.

வைட்டமின் கே-யில் நிலைமை வேறு. சிவப்புத் தண்டுக்கீரையின் தளிரில் ஒரு கிராமுக்கு 4.1 மைக்ரோகிராம் இருந்தது. 25 கிராமில் நூறு மைக்ரோகிராமைத் தாண்டும். ஒரு பெரியவரின் ஒரு நாள் தேவைக்கு அநேகமாக அதுவே போதும். ஆகவே கைப்பிடித் தளிர் சில சத்துகளுக்குப் பெரிய உதவி, சிலவற்றுக்குச் சின்னக் கூடுதல். காய்கறிக்கும் கீரைக்கும் மாற்றாக இதை வைப்பது சரியல்ல. அவற்றோடு சேர்த்துக்கொள்வதே நல்லது.

முளைப்பயறின் ஆபத்து இதில் உண்டா?

விதையின் தோலில் உள்ள நுண்ணிய விரிசல்களில் கிருமி ஒளிந்திருக்கலாம். முளைகட்டும் சூழல், அதாவது கதகதப்பு, ஈரம், மூடிய பாத்திரம், விதைக்கு எவ்வளவு உகந்ததோ கிருமிக்கும் அவ்வளவு உகந்தது. 2011-ல் ஜெர்மனியில் பரவிய ஈ.கோலை என்ற குடல் கிருமியின் தொற்றுக்கு வெந்தய முளைகளே மூலம் என்று கண்டறியப்பட்டது. 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

மைக்ரோகிரீன்ஸ் காற்றோட்டமாக வளர்கிறது. கிருமி மிகுந்திருக்கக்கூடிய வேரும் விதையும் தட்டுக்கு வருவதில்லை. அதனால் ஆபத்து குறைவு. இல்லை என்று சொல்லிவிட முடியாது. இலைமேல் தண்ணீர் தெறிக்க ஊற்றினாலோ, ஊடகத்தை ஒட்டி அறுத்தாலோ, இலையில் ஒட்டிய விதைத்தோலோடு அடைத்து விற்றாலோ அந்த நன்மை போய்விடும். லிஸ்டீரியா என்ற கிருமி குளிர்பெட்டியின் குளிரிலும் மெதுவாகப் பெருகக்கூடியது என்பதையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும்.

வாங்கும்போது

பெட்டியைத் தலைகீழாகத் திருப்பி அடிப்பாகத்தைப் பாருங்கள். மேலே எப்போதும் பசுமையாகத்தான் இருக்கும்; அழுகல் அடியில்தான் தொடங்கும். கண்ணாடிபோல் ஈரமாகத் தெரியும் இலைகள், ஒன்றோடொன்று ஒட்டிய தண்டுகள், அடியில் தேங்கிய தண்ணீர், இவற்றில் ஒன்று இருந்தாலும் எடுக்காதீர்கள். மூடியின் உட்புறம் வியர்த்துத் துளியாக நின்றால், அந்தப் பெட்டி குளிரிலிருந்து வெளியே வந்து வந்து போயிருக்கிறது என்று பொருள்.

மூக்கும் உதவும். நல்ல தளிரில் புல் வாசமோ, அந்தந்தச் செடியின் வாசமோ வரும். புளித்த வாடை வந்தால் வேண்டாம். கடுகுக் குடும்பத்தில் அழுகிய முட்டைகோஸ் நாற்றம் வந்தால், காற்றில்லாமல் மூச்சுமுட்டிக் கிடந்திருக்கிறது என்று அர்த்தம்.

அறுவடைத் தேதியைக் கேளுங்கள். அடைத்த தேதியைச் சொன்னால் போதாது. அறுத்து இரண்டு நாளுக்குள் கிடைத்தால் உங்கள் கையில் நான்கைந்து நாள் மிச்சம் இருக்கும். குளிரூட்டாத மேசையில் அடுக்கி வைத்து விற்பதை வாங்கவே வேண்டாம்.

அறுக்காமல் தட்டோடு விற்பதும் உண்டு. சாப்பிடும் வேளையில் அறுத்துக்கொள்ளலாம் என்பதால், கிடைத்தால் அதுவே நல்ல தேர்வு. இதில் பலரைக் குழப்புவது வேரருகே தெரியும் வெண்பஞ்சு. முள்ளங்கி, கடுகு நாற்றுகளின் வேரைச் சுற்றி மெல்லிய வெள்ளை இழைகள் எல்லாப் பக்கமும் சீராக நீட்டிக்கொண்டிருக்கும். அவை வேர்த்தூவிகள், நீர் உறிஞ்சும் நுண்ணிழைகள். லேசாகத் தண்ணீர் தெளித்தால் வேரோடு ஒட்டிக் கண்ணுக்கு மறைந்துவிடும். பூஞ்சை அப்படி மறையாது. ஒரு தண்டிலிருந்து இன்னொரு தண்டுக்குச் சிலந்திவலைபோல் தாவும், விதைத்தோலின்மேல் திட்டுத்திட்டாகப் படரும், மக்கிய வாடை அடிக்கும். அது பூஞ்சை என்றால் அந்தத் தட்டே வேண்டாம்.

வைக்கும்போது

அறுத்த தளிர் இன்னமும் சுவாசிக்கிறது. சேமித்து வைத்த சர்க்கரையை எரித்து, வெப்பத்தையும் நீராவியையும் வெளிவிடுகிறது. வேர் இல்லாததால் இழந்த நீரும் திரும்ப வராது, எரித்த சர்க்கரையும் நிரம்பாது. வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் கூடினால் இந்தச் சுவாசம் ஏறத்தாழ இரண்டு மூன்று மடங்கு வேகமாகும். எனவே முதல் விதி குளிர்: 4 டிகிரியோ அதற்குச் சற்றுக் கீழோ.

குளிர்பெட்டியின் கதவு சரியான இடமல்ல. திறக்கும்போதெல்லாம் சூடு ஏறும். பின்சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள். அங்கே இலை உறைந்து, செல் வெடித்து, வெளியே எடுத்ததும் சொதசொதவென்று ஆகிவிடும். நடுத்தட்டின் நடுப்பகுதி நல்ல இடம். விதிவிலக்கு பேசில் எனும் திருநீற்றுப்பச்சிலை. அதற்குக் குளிர் ஆகாது. 10 டிகிரிக்குக் கீழே இலை கருத்துவிடும். அதைக் கொஞ்சமாக வாங்கி அன்றே முடித்துவிடுவதே வழி.

இரண்டாவது விதி, கழுவி வைக்காதீர்கள். மிகப் பலர் செய்யும் தவறு இது. தளிரின் தோல் மிக மெல்லியது. கழுவும்போது படும் சிறு காயங்களில் சாறு கசியும். மேலே நிற்கும் ஈரத்தோடு சேர்ந்தால் கிருமிக்கு அது விருந்து.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். மூடியுள்ள அகலமான பெட்டி ஒன்றின் அடியில் உலர்ந்த சமையலறைத் தாளை விரியுங்கள். தளிரை அழுத்தாமல், 4 செ.மீ. உயரத்துக்கு மேல் போகாமல் பரப்புங்கள். மேலே இன்னொரு தாள். மூடியை முழு இறுக்கமாக அடைக்காமல் ஒரு மூலையை லேசாகத் தளர்த்திவிடுங்கள். முற்றிலும் அடைத்தால் உள்ளிருக்கும் ஆக்சிஜன் தீர்ந்து நாற்றம் பிடிக்கும். முற்றிலும் திறந்தால் ஒரே நாளில் வாடும். தாள் ஈரமானால் மாற்றுங்கள்.

பழுக்கும் பழங்களை அதே தட்டில் வைக்க வேண்டாம். ஆப்பிளும் வாழைப்பழமும் தக்காளியும் எத்திலீன் என்ற வாயுவை வெளிவிடும். பழத்தைப் பழுக்கவைப்பதுபோலவே இலையையும் அது முதுமைக்குத் தள்ளும். தளிர் சீக்கிரம் மஞ்சளாகும்.

இப்படி வைத்தால் பெரும்பாலான வகைகள் 5 முதல் 7 நாள் தாங்கும். தடித்த சூரியகாந்தியும் பட்டாணியும் இன்னும் ஓரிரு நாள் கூடுதலாக நிற்கும். மெல்லிய தண்டுக்கீரைத் தளிர் முன்னதாகவே துவளும். வாடியதைக் குளிர்ந்த நீரில் சில நிமிடம் போட்டால் நிமிர்ந்துவிடும், சாப்பிடலாம். வழவழத்துப்போனது வேறு. கெட்ட இலையை மட்டும் பொறுக்கிப் போட்டுவிட்டு மீதியைச் சாப்பிடக் கூடாது. பெட்டி முழுவதையும் கொட்டிவிடுங்கள்.

இதுவரை சொன்னதில் மூன்றே சொற்கள் நின்றால் போதும்: குளிர், உலர்வு, கொஞ்சம் காற்று.

சாப்பிடும்போது

தட்டோடு வாங்கியிருந்தால், கழுவி உலர்ந்த கூர்மையான கத்தரிக்கோலால் ஊடகத்துக்கு மேலே ஒரு செ.மீ. விட்டு அறுங்கள். மழுங்கிய கத்தரி தண்டை நசுக்கும். நசுங்கிய இடம்தான் முதலில் பழுப்பாகும். அறுத்ததும் பெரும்பாலானவை திரும்பத் துளிர்க்காது. பட்டாணி மட்டும், கீழ்க்கணுவை விட்டு வெட்டினால், இன்னொரு முறை தரும்.

சாப்பிடப்போகும் அளவை மட்டும் எடுத்து, அகன்ற பாத்திரத்தில் குளிர்ந்த நீரில் அமிழ்த்தி மெல்ல அலசுங்கள். நீரைக் கவிழ்க்காமல் தளிரைக் கையால் தூக்கி எடுங்கள். அப்போதுதான் மண்ணும் விதைத்தோலும் அடியிலேயே தங்கும். சுத்தமான துணியில் பரப்பி ஈரத்தை ஒற்றிவிடுங்கள். கழுவுவதால் கிருமி குறையும், முழுசாகப் போகாது.

வைட்டமின் சி சூட்டில் சிதையும். அதனால் சமையலில் சேர்ப்பதானால் அடுப்பை அணைத்த பிறகு தூவுங்கள். வைட்டமின் இ, கே, கரோட்டினாய்டுகள் மூன்றும் கொழுப்பில் கரைபவை. ஒரு சிறு கரண்டி எண்ணெயோ, கொட்டைகளோ, முட்டையோ கூட இருந்தால் உடல் அவற்றை நன்றாக ஈர்த்துக்கொள்ளும். வெறும் தண்ணீரோடு அரைத்துக் குடிப்பதில் இந்த வாய்ப்பு வீணாகிறது; வடிகட்டினால் இருக்கும் கொஞ்ச நார்ச்சத்தும் போகும். மென்று சாப்பிடுவதே மேல்.

புதிதாகத் தொடங்குபவர்கள் கடுகையும் முள்ளங்கியையும் தனியாக எடுத்தால் காரம் தூக்கிப்போடும். சூரியகாந்தியோ பட்டாணியோ முக்கால் பங்கு, காரத் தளிர் கால் பங்கு என்று கலந்தால் நாக்கு ஏற்றுக்கொள்ளும்.

எச்சரிக்கை தேவைப்படுபவர்கள்

கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், முதியவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் பச்சையாகச் சாப்பிட வேண்டாம். ஆவி பறக்கும்வரை முழுசாகச் சூடாக்கிச் சாப்பிடலாம். வைட்டமின் சி கொஞ்சம் போகும். போகட்டும், இவர்களுக்குப் பாதுகாப்புதான் முதலில்.

வீட்டில் வளர்ப்பவர்கள் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை விதைகளைத் தொடவே கூடாது. அந்தக் குடும்பத்தின் இளந்தளிரில் ஆல்கலாய்டு நச்சு இருக்கும். ராஜ்மா பயறின் தளிரும் பச்சையாக ஆகாது. வயலில் விதைப்பதற்கென்று விற்கும் விதையில் பூஞ்சைக்கொல்லி பூசியிருப்பார்கள், பெரும்பாலும் இளஞ்சிவப்பு, நீலம், பச்சை நிறத்தில். அதுவும் வேண்டாம். உண்பதற்கான தளிர் வளர்க்கவென்றே விற்கும், மருந்து பூசாத விதைதான் சரி.

வார்ஃபரின் என்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எடுப்பவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். வைட்டமின் கே அந்த மாத்திரைக்கு எதிர்த்திசையில் இழுக்கும். மேலே பார்த்தபடி ஒரு கைப்பிடித் தண்டுக்கீரைத் தளிரிலேயே ஒரு நாள் அளவு வைட்டமின் கே வந்துவிடுகிறது. ஒரு வாரம் தினமும் சாப்பிட்டு மறுவாரம் நிறுத்தினால் மருந்தின் அளவு தடுமாறும். தொடங்கும் முன்பே மருத்துவரிடம் எந்த வகை, வாரத்துக்கு எத்தனை நாள், எத்தனை கிராம் என்று சொல்லிவிட்டு, அந்த அளவைக் கூட்டாமல் குறைக்காமல் தொடருங்கள். சிறுநீரகப் பாதிப்பால் பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்துபவர்களும் தங்கள் அன்றாடக் கணக்கில் இந்தக் கைப்பிடியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.